இரண்டு எழுத்துத் தொலைவில் ஓர் ஊர்

காஞ்சிபுரம் மாவட்டம் புள்ளலூரில் மோட்டார் காயில் கட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கூகுளில் உங்க கடையை முதல்ல வரவைக்கிறேன், மாசாமாசம் பணம் கட்டுங்கன்னு ஒருத்தர் விடாம கூப்பிடுறார். கட்டலாமா சார்?"

கட்ட வேண்டாம். ஆனால் வாசகரின் கவலை நியாயமானது. பம்புசெட் புகைந்து நாற்றங்கால் காயும்போது பெரியவர் டீக்கடையில் விசாரிப்பார். அவர் மகன் போனைத்தான் தடவுவான். அதில் முதலில் தெரியும் இரண்டு மூன்று கடைகளுக்கே அழைப்பு போகும். இருபது வருடத் தொழில் சுத்தம் அங்கே செல்லாது.

வரைபடத் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. அந்த வரிசையைக் காசுக்கு விற்பதில்லை என்றும் சொல்கிறது. விளம்பரம் வேறு கணக்கு.

இதற்கெல்லாம் முன்னால், எந்த ஊரைக் கேட்கிறார்கள் என்று இயந்திரத்துக்குப் புரிய வேண்டுமே! எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

புள்ளலூர் என்றால் வரலாற்றுக்காரர்கள் விடமாட்டார்கள். ஒரு பத்தி கொடுத்துவிடுவோம். மகேந்திரவர்மப் பல்லவன் இங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று திப்புவும் ஹைதர் அலியும் ஆங்கிலேயர் தரப்பின் கர்னல் பெய்லியின் படையை இங்கே நொறுக்கினார்கள். மறு ஆண்டே இன்னொரு போர். ஆங்கிலேயர் ஊர்ப் பெயரைப் 'பொள்ளிலூர்' ஆக்கிவிட்டுப் போனார்கள். நம் கதைக்கு அதுதான் முக்கியம்: இரண்டு பெயரும் ஒரே ஊர் என்று இயந்திரம் கண்டுபிடிக்க வேண்டுமே.

ஒரு சொல்லை இன்னொன்றாக்க, எழுத்தைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது என மிகக் குறைந்தது எத்தனை வேலை தேவை? சோவியத் கணிதர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் சொற்களின் தொலைவை இப்படி அளந்தார். நம் பக்கத்துப் பட்டுத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேலையை இன்னொன்றாக்க எத்தனை இழையைச் செருக வேண்டும், உருவ வேண்டும், மாற்ற வேண்டும்? இழைக்கு இவ்வளவு கூலி. அரக்குக்குப் பதில் சிவப்பு என்றாலும் அதே கூலிதான். 'ல'வுக்கு 'ள' வந்தாலும் அப்படித்தான். அப்படியானால் ஜரிகைக்கு என்ன கூலி? சரி, உவமை தறிக்குழிக்குள் விழுந்துவிட்டது; ஏறிவிடுகிறேன்.

புள்ளலூர், பொள்ளிலூர்: 'பு' 'பொ'வாகிறது, 'ள' 'ளி'யாகிறது. தொலைவு இரண்டு. பலே! ஆனால் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் புல்லூர் இருக்கிறதே? 'ள்'ளை 'ல்' ஆக்கி, 'ள'வை எடுத்துவிட்டால் அங்கே போய்விடலாம். அதுவும் இரண்டுதான்! ஒன்று இதே ஊர், மற்றது வேறு மாநிலம். எழுத்தை மட்டும் எண்ணும் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் தேடுபொறி வேறு சாட்சிகளைக் கூப்பிடுகிறது: தேடுபவர் எங்கே நிற்கிறார், கடையின் வரைபடப் புள்ளி எங்கே, பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா. செயற்கை நுண்ணறிவு என்று எவ்வளவு தோரணம் கட்டினாலும், புள்ளி தவறான தெருவில் இருந்தால் வண்டி தவறான தெருவுக்குத்தான் போகும்.

ஆகவே வாசகரே, கடைப்பலகை, பில், வரைபடம் மூன்றிலும் ஊர்ப் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். கடை வாசலில் நின்று புள்ளியைச் சரிபாருங்கள். போன் நம்பர் மாறினால் அன்றே திருத்துங்கள். கூகுளில் கடையைப் பதிவதற்குக் கட்டணம் கிடையாது.