காடு காட்டும் சீதோஷ்ணம்

கோயம்புத்தூரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 25 அங்குலம். லண்டன் நகரில் பெய்வதும் அநேகமாக அவ்வளவே. எனினும், அங்கே புல் ஆண்டின் பெரும்பகுதியும் பசுமையாக நிற்கிறது; கோயம்புத்தூரின் மேட்டு நிலங்களிலோ வேலும் கள்ளியுமே தாமாக முளைக்கின்றன. லண்டனில் மழை பன்னிரண்டு மாதங்களிலும் பகிர்ந்து பெய்கிறது, வெயிலும் கடுமையன்று. உஷ்ண நாடுகளில் மழை சில மாதங்களிற் பெய்து ஓய்ந்துவிட, எஞ்சிய மாதங்களில் வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஆதலின் மழையின் மொத்த அளவைவிட, மழையற்ற மாதங்கள் எத்தனை என்பதே விவசாயி கவனிக்கத்தக்கது.

மண்டலங்களின் வரிசை

பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 23½ டிகிரி வரை பரவியது உஷ்ண மண்டலம். ரேகையை அடுத்த பல பிரதேசங்களில் மாதந்தோறும் மழையுண்டு. அங்கே என்றும் இலை மாறாப் பசுங்காடுகள் அமைகின்றன. அப்பாற் செல்லச் செல்ல வறண்ட மாதங்கள் பெருகுகின்றன. காடும் கோடையில் இலையுதிர்ப்பதாகி, பின்பு புல்வெளியாகவும் முட்காடாகவும் மாறிப் பாலைவனத்தில் முடிகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி வளைகுடாவிலிருந்து வடக்கே சகாரா வரை இவ்வரிசையைத் தெளிவாகக் காணலாம். சீதோஷ்ண மண்டலங்களை வகுத்த கெப்பன் (1846-1940) என்னும் அறிஞர் தாவர நூல் பயின்றவர். ஒரு மாதமேனும் 60 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 2½ அங்குலத்துக்கு, மழை குறையாத உஷ்ணப் பிரதேசத்தையே அவர் மழைக்காட்டுப் பிரதேசமாகக் கொண்டார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில்

ஆப்பிரிக்காவில் பல நூறு மைலில் நிகழும் இம்மாறுதலின் பெரும்பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு புறத்திலும் சில பத்து மைலுக்குள் நிகழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மோதும் மேற்குச் சரிவின் பல இடங்களில் 100 அங்குலத்துக்கு மேல் மழையுண்டு. நாங்கு, வெடிப்பலா முதலிய மரங்கள் அங்கே அடர்ந்து வளர்கின்றன. வறட்சி சற்று நீடிக்கும் இடங்களில் தேக்கும் ஈட்டியும் காணப்படும். மலையைக் கடந்து கீழிறங்கும் காற்று வெப்பமடைந்து வறள்வதால், கிழக்குச் சமவெளியில் உசிலையும் வேலும் இலந்தையுமே இயல்பாக வளர்கின்றன.

பயிர்களும் இவ்வாறே. மேற்கே மிளகும் பாக்கும் ரப்பரும் செழிக்கும். கிழக்கே மானாவாரியில் சோளமும் கம்பும் பலன் தரும். மேற்கின் செழிப்பைக் கண்டு கிழக்கே பாக்கு வைப்பவர் கோடை முழுவதும் கிணற்றையே நம்பவேண்டும். கிணறு வற்றினால் பல ஆண்டு உழைப்பும் முதலும் ஒரே கோடையில் அழியும்.

முட்புதரின் காரணம்

புறம்போக்கில் முட்புதர் மண்டியதைக் கண்டு, வானம் பொய்த்தது என்று கூறுதல் கிராமங்களில் வழக்கம். ஆனால், இலையுதிர் காடு ஓயாத வெட்டாலும் ஆட்டு மேய்ச்சலாலும் தீயாலும் முட்காடாகச் சிதைவதுண்டு. அவ்விடத்தில் குறைந்தது மழையன்று, மண்ணின் போர்வையே. மழைநீர் உள்ளிறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓட, அண்டையிலுள்ள கிணறுகளிலும் ஊற்றுக் குறைகிறது. வேலியிட்டுச் சில ஆண்டுகள் மேய்ச்சலை நிறுத்தியபின், பழைய அடிக்கட்டைகளிலிருந்து மரங்கள் துளிர்த்தெழுமாயின், அந்நிலம் சிதைவுற்றதேயன்றி இயற்கையில் முட்காடன்று என அறியலாம்.

ஆகவே, நெடுங்காலப் பயிர் வைக்க எண்ணும் நிலச்சொந்தக்காரர்கள் தாலுகா மழைமானிக் கணக்கிலிருந்து மாதவாரி மழையை முதலில் அறிந்துகொள்வது நலம். அருகிலுள்ள காட்டில் தாமாக வளரும் மரங்களையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கிராம அதிகாரிகள் புறம்போக்கில் ஒரு சிறு பகுதியையேனும் மேய்ச்சலின்றிக் காத்துவருவார்களாயின், ஊரின் நிலம் எத்தகையது என்பதை அந்நிலமே சில ஆண்டுகளில் காட்டிவிடும்.