வேலை பார்த்தபின் தளரும் பிரேக்

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைவிட நிறுத்துவதே பெரிய வித்தை. ஒருபுறம் மிளகும் சுக்கும் இறக்கும் லாரி, மறுபுறம் கைவண்டி, இடையே படகுத்துறைக்கு விரையும் ஜனங்கள். மழைக்காலமாயின் கல்லும் தாரும் வழுக்கும். இத்தகைய இடத்தில் பிரேக் பிடி பஞ்சுபோல் அமுங்குமாயின் விளைவை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

கொச்சியிலும் பிற ஊர்களிலும் வாழும் நம்மவர் பலர், விடுமுறை நாளில் வண்டி வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றனர். போற்றத்தக்க பழக்கமே அது. ஆயினும் காலையில் கெட்டியாக இருந்த பிரேக், பேடு மாற்றி முடித்த மாலையில் தளர்ந்துபோவது ஏன் என்று நேயர்கள் வியந்திருக்கலாம்.

டிஸ்க் பிரேக்கில் நமது விரலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது கம்பியன்று, திரவம். அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறைவின்றிப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், தண்டு அசையாது. உள்ளே சிறிது காற்றை விட்டு அழுத்தினால் தண்டு இறங்கும், விட்டால் மீண்டெழும். தளர்ந்த பிரேக்கில் நிகழ்வதும் இதுவே.

எவ்வளவு காற்று போதும் என்று கேட்கலாம். கைப்பிடியின் அருகிலுள்ள மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 12.7 மில்லிமீட்டர் என்றும், பிஸ்டன் 10 மில்லிமீட்டர் நகர்கிறது என்றும் கொண்டால், தள்ளப்படும் திரவம் ஏறத்தாழ 1.3 கன சென்டிமீட்டர்தான். ஆகவே சுண்டைக்காயளவு காற்றுக் குமிழிகூட நமது முயற்சியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

எனினும் பேடு மாற்றியதும் பிடி தளர்ந்திருந்தால் உடனே காற்றின்மீது பழி போடலாகாது. புதிய பேடு தடித்தது. அதற்கு இடம் வேண்டி காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். அது டிஸ்க்கை நெருங்கும்வரை முதற் சில அழுத்தங்கள் வெறுமையாகவே போகும். வண்டி நின்ற நிலையிலேயே பத்துப் பதினைந்து முறை அழுத்தினால் பிடி கெட்டியாகிவிடும். இதைச் செய்யாமல் தெருவில் இறங்குவோருக்கு முதல் திருப்பத்தில் பிரேக்கே இராது.

அழுத்த அழுத்தக் கெட்டியாகி, சற்று விட்டுவைத்தால் மீண்டும் தளருமாயின் காற்று புகுந்திருக்கிறது. கிண்ணத்தில் திரவம் துளைக்குக் கீழே வற்றினாலும், குழாயைக் கழற்றி மாட்டினாலும் அது புகும். விடாது அழுத்தியபடி இருக்கையில் பிடி மெல்ல மெல்ல ஹாண்டிலை நோக்கி இறங்கினாலோ, அது வேறு நோய். எங்கோ திரவம் கசிகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. அதற்குக் காற்றெடுப்பது மருந்தாகாது.

காற்றெடுக்கும் முறை எளிது; அவசரந்தான் ஆகாது. காலிப்பரின் நிப்பிளில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய திரவமுள்ள புட்டியில் அமிழ்த்த வேண்டும். பிடியைச் சில முறை அழுத்தி, அழுத்தியபடியே வைத்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். பிடி தாழும், குமிழி வெளிவரும். பிடி தாழ்ந்திருக்கும்போதே நிப்பிளை மூடி, அதன் பின்னரே கையை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே போகும். நாலைந்து முறைக்கொரு தரம் மேற்கிண்ணத்தை நிரப்ப மறந்தாலும் அவ்வாறே. ஏ.பி.எஸ். பொருத்திய வண்டியில் அதன் பெட்டிக்குள் காற்று புகுந்திருந்தால் இம்முறை போதாமற் போகலாம். பட்டறையின் கருவி வேண்டியிருக்கும்.

திரவத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். கிண்ணத்தின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று பொறித்திருப்பார்கள், அதையே வாங்குக. பிரேக் ஆயில் என்று கடையில் வழங்குவதால் எஞ்சின் ஆயிலை ஊற்றுவோரும் உண்டு. அதனால் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும். உரிய திரவமும் வண்டியின் வர்ணத்தில் பட்டால் அதைத் தின்றுவிடும்; உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். மேலும் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. காயலும் கடலும் சூழ்ந்த கொச்சியில் ஈரத்துக்கா பஞ்சம்? போன வருஷம் திறந்து வைத்த டப்பாவைச் சிக்கனம் கருதி எடுத்து ஊற்றுவது வீண் துணிச்சல்.

காரணத்தை எண்கள் காட்டும். புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது, 3.7 சதவிகித ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4-க்கு அவ்வெல்லைகள் 230, 155. சமதளமான கொச்சித் தெருவில் இவ்வேறுபாடு தெரியவே தெரியாது. பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ மூணாறு வழியாகத் தேனிப் பக்கம் ஊருக்குச் செல்பவர், போடிமெட்டு இறக்கத்தில் விடாது பிரேக்கை அழுத்தி வரும்போதுதான் டிஸ்க் கொதிப்பேறும். ஈரமேறிய திரவம் ஆவியாகும். ஆவியும் காற்றைப்போல் அமுங்கும். பாதி மலையில் பிடி தளரும். ஆகவே ஊர்ப் பயணத்துக்கு முன், இரண்டு ஆண்டான திரவத்தை மாற்றிவிடுவது நலம். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினையும் வேகத்தைத் தடுக்கச் செய்வது அதனினும் நலம்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் திரவமே இல்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் மிதி ஆழமாக இறங்கினால், பிரேக் கம்பியின் கோடியிலுள்ள நட்டைத் திருகிச் சரிசெய்தால் போதும். பிறகு சக்கரம் உரசாமல் சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்க.

எல்லாம் முடிந்ததும் முற்றத்திலோ சந்திலோ வண்டியைத் தள்ளிக்கொண்டே பிடித்துப் பார்க்க வேண்டும். பின்னர் நடைவேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் தளர்ச்சி நீங்காவிடில் மெக்கானிக்கிடம் செல்லுகையில், பிரேக் பிடிக்கவில்லை என்று மட்டும் கூறி நின்றுவிடாமல், எதைக் கழற்றினோம், எந்தத் திரவம் ஊற்றினோம், அழுத்த அழுத்தக் கெட்டியாகிறதா அல்லது தானே இறங்குகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். மொழி அரைகுறையாக இருந்தாலும் பிடியை அழுத்திக் காட்டினால் அவருக்கு விளங்கிவிடும்.