சகுனி இல்லாத சூது மண்டபம்

சூதாடினால் என்ன ஆகும் என்பது நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். தர்மபுத்திரரைப் போன்ற உத்தமரே நாட்டைத் தோற்று, தம்பிமாரையும் தோற்றுக் காட்டுக்குப் போன கதையைப் பாட்டியின் மடியில் படுத்துக் கேட்டவர்கள் அல்லவா நாம்? ஆகையால், அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் நம் தம்பி, "அண்ணா, விடுமுறைக்கு லாஸ் வேகாஸ் போய் வரலாமா?" என்று கேட்டபோது சற்றுத் தயங்கினோம். "ஆட வேண்டாம், வேடிக்கை பார்த்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்" என்றான் அவன். நம் சகதர்மிணிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. புறப்பட்டோம்.

நெவாடா ராஜ்யத்தில், மொஜாவி பாலைவனத்தின் நடுவே இருக்கிறது அந்த ஊர். உலகப் பிரசித்தி பெற்ற விடுதிகள் எல்லாம் 'ஸ்ட்ரிப்' என்னும் ஒரே வீதியில் சுமார் 4 மைல் நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த வீதியின் பெரும் பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. எல்லைக்குத் தெற்கே இருக்கிறது. 1931-இல் நெவாடா அரசாங்கம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. 1941-இல் 'எல் ராஞ்சோ வேகாஸ்' என்ற முதல் உல்லாச விடுதி அந்த நெடுஞ்சாலையில் எழுந்தது. நள்ளிரவில் ஒரே ஒரு டாலருக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டார்கள் அங்கே. தர்ம சிந்தனையினால் அன்று. சாப்பிட்டவர்கள் எழுந்துபோய்ப் படுத்துவிடாமல் மறுபடியும் ஆட்ட மேஜைக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான்!

இரவில் அந்த வீதியில் நடப்பது ஓர் அனுபவம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு பக்கம் பாதி அளவில் கட்டப்பட்ட ஐபல் கோபுரம் நிற்கிறது. மற்றொரு விடுதிக்குள் வெனிஸ் நகரத்துக் கால்வாய் ஓடுகிறது. மேலே வானம் போல் வர்ணம் தீட்டிய கூரை. கீழே பாடிக்கொண்டே படகு தள்ளும் படகோட்டி. பெல்லாஜியோ விடுதியின் முன்னால் 8 ஏக்கர் ஏரி ஒன்றில், 1998 முதல், ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்த்தாரைகள் சங்கீதத்துக்கு ஏற்ப எழுந்தும் வளைந்தும் நாட்டியமாடுகின்றன. இதைப் பார்க்க ஒரு காசும் கேட்பதில்லை. நம் சகதர்மிணி மூன்று தடவை பார்த்தாள், நாமும் பார்த்தோம்.

அடுத்தது சாப்பாடு. அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளும் 'பஃபே' விருந்து ஒன்றுக்குப் போனோம். எத்தனை தேசத்துப் பதார்த்தங்கள்! சைவ உணவுக்காரர்களுக்கும் ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி, இனிப்பு என்று குறைவில்லை. ஆனால் விலை பழைய ஒரு டாலர் இல்லை. இந்நாளில் அந்தப் பெரிய விடுதிகளின் வருமானத்தில் பாதிக்கு மேல் அறை வாடகை, சாப்பாடு, நாடகம், கச்சேரி முதலியவற்றிலிருந்தே வருகிறதாம். ஆயினும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதானாலும், அறைக்குத் திரும்புவதானாலும், வழி என்னவோ ஆட்ட மண்டபத்தின் நடுவேதான்!

கச்சேரி என்றதும் ஒரு சங்கதி சொல்லவேண்டும். நாட் கிங் கோல், சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற கறுப்பின மேதைகள் 1940-களிலும் 50-களிலும் அந்த வீதியில் பாடி ஜனங்களைப் பரவசப்படுத்தினார்கள். பாட்டு முடிந்ததும் அவர்கள் அந்த விடுதியில் சாப்பிட முடியாது, படுக்க முடியாது. ஊரின் மேற்குப் பகுதியில் தங்கள் இனத்தார் நடத்திய வாடகை வீடுகளுக்குப் போகவேண்டும். 1960 மார்ச்சில், ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பல் வைத்தியரின் தலைமையில், அந்த வீதியில் கண்டன ஊர்வலம் நடத்துவதாக அறிவித்தார்கள். விடுதிக்காரர்கள் பணிந்தார்கள், ஊர்வலம் நடக்காமலே கதவு திறந்தது. சத்தியாக்கிரகத்தைக் கண்ணாரக் கண்ட தேசத்தவரான நமக்கு, அந்தத் தீபாலங்காரம் அத்தனையிலும் இந்த ஒரு செய்திதான் அதிகம் பிரகாசித்தது.

இனி, சூதுக்கு வருவோம். சாப்பிட்டுத் திரும்பும்போது தம்பியின் கால்கள் ரூலெட் மேஜையருகே நின்றுவிட்டன. நூறு டாலருக்குச் சில்லுகள் வாங்கிச் சிவப்பின் மேல் வைத்தான். இரண்டு முறை ஜயித்தான். "பார்த்தீர்களா, அண்ணா!" என்றான். அரை மணிக்குப் பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. கையில் சில்லும் இல்லை.

"ஏதாவது மோசடி இருக்குமோ?" என்று சகதர்மிணி கேட்டாள். இல்லை என்பதுதான் ஆச்சரியம். சகுனியின் பகடையில் வஞ்சனை இருந்தது. இந்தச் சக்கரத்துக்கு அது தேவையில்லை. கணக்கு வாத்தியாராகிய நாம் அங்கேயே விளக்கினோம். சக்கரத்தில் 38 குழிகள்: சிவப்பு 18, கறுப்பு 18, பச்சை 2. பச்சைக் குழிகளில் ஒன்றில் பூஜ்யம். மற்றொன்றில் இரட்டைப் பூஜ்யம். எல்லாக் குழிகளுக்கும் ஒவ்வொரு டாலராக 38 டாலர் வைத்தால், விழுந்த எண்ணுக்குத் திரும்பி வருவது 36 டாலர். மீதி 2 டாலர் வீட்டுக்காரனுக்கு. அதாவது நூற்றுக்கு ஐந்தேகால். சில மேஜைகளில் மூன்றாவது பூஜ்யமும் வைத்திருக்கிறார்கள். பந்தயப் பணம் அதே 36-தான்! இவ்வளவும் மேஜைமேல் பகிரங்கமாகவே தெரிகிறது. அரசாங்கக் கண்காணிப்புச் சபையும் இருக்கிறது. ஒரு சுற்றில் நீங்கள் ஜயிக்கலாம். ஆயிரம் பேர் ஆயிரம் சுற்று ஆடினால் ஜயிப்பது பூஜ்யந்தான்.

பூஜ்யத்தை எப்படிக் கூட்டுவது, கழிப்பது என்று 628-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தவர் நம் பிரம்மகுப்தர். நம் முன்னோர் கணக்குப் போடுவதற்காக வளர்த்த அந்த எண்ணுக்குப் பச்சை வர்ணம் பூசி, கணக்குப் பார்க்காதவர்களிடம் வசூல் செய்ய உட்கார வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக் கொண்டோம்.

மறுநாள் விடியற்காலையில் காபி குடிக்கப் போனோம். முந்தின இரவு ஒரு மூதாட்டி காசு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். அதே நாற்காலியில், அதே நீலச் சட்டையுடன் அப்பொழுதும் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. விரல் மட்டும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் ஜன்னலோ கடிகாரமோ எங்கள் கண்ணில் படவில்லை. விடிந்துவிட்டது என்று அவளுக்கு யார் சொல்வது? இரவெல்லாம் நாம் இலவசமாகப் பார்த்து மகிழ்ந்த நீரூற்றுக்கு விலை கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி என்று அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் காபி ருசிக்கவில்லை.

அங்கே போக வாய்க்கும் நேயர்கள் தாராளமாகப் போகலாம். ஊற்றைப் பாருங்கள், பாட்டைக் கேளுங்கள், விலையை முன்னதாக விசாரித்துக்கொண்டு வயிறாரச் சாப்பிடுங்கள். ஆனால் அந்த மண்டபத்தைக் கடக்கும்போது மட்டும் நிற்காமல் நடங்கள். தம்பிக்கு நூறு டாலர் கொடுத்துக் கிடைத்த பாடத்தை, நேயர்களுக்கு இந்தப் பத்திரிகையின் விலைக்கே தந்துவிட்டோம்.