ஒரு கிராமத்தின் பெயரில் உலகம் ஏறிய வண்டி

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்கு மேற்கே, வியன்னாவுக்குப் போகும் பழைய சாலையை ஒட்டி, கோச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்த் தச்சர்கள் செய்த வண்டிக்குத் தனி மதிப்பு. மற்ற ஊர்களில் வண்டி என்றால் தானிய மூட்டையும் விறகும் சுமக்கும் கனத்த மரக்கட்டு. கோச் ஊர்க்காரர்கள் ஆள் ஏறிப் போவதற்கென்றே எடை குறைந்த ஒரு வண்டியைச் செய்தார்கள். பக்கங்களுக்குப் பலகை இல்லை, கூடை முடைவதுபோல் குச்சிகளைப் பின்னிவிட்டார்கள். முன் சக்கரம் சிறியது, பின் சக்கரம் பெரியது. எடை குறைந்ததால் குதிரைகள் களைக்காமல் ஓடின.

அப்போது ஹங்கேரியை ஆண்டவர் மாத்தியாஸ் மன்னர். 1485இல் அவர் வியன்னாவையே கைப்பற்றி, 1490இல் இறக்கும்வரை அந்த நகரத்தையும் தன் கையில் வைத்திருந்தார். இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே தூதர்களும் ஓலைகளும் ஓயாமல் போய்வந்த காலம் அது. குதிரை மாற்றும் இடமாக இருந்த கோச் ஊருக்கு அந்தச் சாலைதான் பிழைப்பு. வண்டியின் புகழும் அதே சாலையில் பரவியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரி வழியாகப் பயணம் செய்த ஆஸ்திரியத் தூதர் சிகிஸ்முண்ட் ஃபான் ஹெர்பர்ஷ்டைன், இந்த வண்டிக்கு ஒரு கிராமத்தின் பெயர் வந்திருப்பதைத் தன் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

ஹங்கேரிய மொழியில் இதன் முழுப்பெயர் ‘கோச்சி செக்கேர்’. ‘கோச் ஊர் வண்டி’ என்று பொருள். நாளடைவில் செக்கேர் என்ற வண்டி உதிர்ந்துபோய், கோச்சி என்ற ஊர் அடைமொழி மட்டும் மிஞ்சியது. காஞ்சிபுரம் உடுத்தி வந்தாள் என்றால் ஊரையா உடுத்தினாள் என்று தமிழில் யாரும் கேட்பதில்லை. நன்னூல் இதை இடவாகுபெயர் என்று வகைப்படுத்துகிறது. இன்று ஆங்கிலத்தில் ரயில் பெட்டி, சொகுசுப் பேருந்து, கிரிக்கெட் பயிற்சியாளர், விமானத்தின் மலிவு இருக்கை ஆகிய அனைத்தையும் குறிக்கும் ‘கோச்’ என்ற சொல் இந்த ஓர் இடவாகுபெயரில்தான் பிறந்தது.

வண்டியும் பெயரும் சேர்ந்தே ஐரோப்பாவைச் சுற்றின. ஜெர்மன்காரர்கள் குட்ஷே என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் கோஷ் என்றார்கள், ஸ்பானியர்கள் கோச்சே என்றார்கள். 1550களில் சொல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது அது பணக்காரர்களின் பொருளாக மாறியிருந்தது. எலிசபெத் ராணிக்கு வண்டி ஓட்டியவர் வில்லியம் பூனன் என்ற டச்சுக்காரர். ராணி ஏறியதைப் பிரபுக்கள் பார்த்தார்கள், பிரபுக்கள் ஏறியதை வணிகர்கள் பார்த்தார்கள். லண்டனின் குறுகிய தெருக்களில் நெரிசல் அதிகமாகி, 1601இல் கோச்சுகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவே வந்தது. அது நிறைவேறவில்லை. அதுவரை லண்டனில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக தேம்ஸ் நதிப் படகுதான் முக்கிய வழி. படகோட்டிகளின் வயிற்றில் அடித்த வண்டி என்று ஜான் டெய்லர் கொதித்தார். இவரே ஒரு படகோட்டி, கவிஞரும்கூட. 1623இல் கோச்சுகளைச் சாடி ஒரு தனிப் புத்தகமே போட்டார்.

அந்தக் காலத்துக் கோச்சில் உட்கார்ந்து போவது சுகமான அனுபவம் என்று எண்ணிவிடக் கூடாது. வண்டியின் கூண்டைத் தோல் வார்களில் தொங்கவிட்டிருப்பார்கள். சாலையின் குழியும் மேடும் வார் வழியாக ஏறி எலும்பை உலுக்கும். இதற்குத் தீர்வு தேடியவர்களில் அறிவியலின் பெரும் பெயர்கள் சில உண்டு. 1665 மே 1 அன்று, லண்டன் ராயல் சொசைட்டியைச் சேர்ந்த சிலர் கர்னல் பிளவுன்ட் என்பவரின் வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். சாப்பாடு முடிந்ததும் குலுங்காத கோச் செய்வதற்கான சோதனைகள் நடந்தன. பல வண்டிகளில் மாறி மாறி ஏறிப் பார்த்தார்கள். முழுக் கூண்டும் ஒரே நீண்ட வில்லின்மேல் அமர்ந்திருந்த வண்டி ஒன்று எல்லோருக்கும் பிடித்துப்போனது. கூட இருந்த சாமுவேல் பெப்பீஸ் தன் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

அன்று அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஹூக். வில்லை எவ்வளவு விசையால் இழுக்கிறோமோ அந்த அளவுக்கு அது நீளும் என்ற விதியை 1678இல் விளக்கி வெளியிட்டவர். பள்ளி இயற்பியலில் ஹூக் விதியைப் படிக்கும் மாணவருக்குக் கொக்கியில் தொங்கும் எடைக்கல்தான் நினைவுக்கு வரும். வில்லின் இயல்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த அதே மனிதர், மேடுபள்ளமான சாலையில் வில் வைத்த வண்டியின் சோதனையிலும் பங்கெடுத்திருக்கிறார் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. சொன்னால் அந்தச் சூத்திரத்துக்கு உயிர் வரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓபதையா எலியட் என்ற லண்டன் வண்டித் தச்சர் நீள்வட்ட எஃகு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். எஃகுப் பட்டைகளை அடுக்கி, வளைத்து, அச்சுக்கு மேலே வைக்கும் அந்த முறையின் வாரிசுகளை இன்றும் லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் காணலாம்.

வில் வந்தது, சாலையும் மேம்பட்டது. உடைத்த கல்லை அடுக்கடுக்காகப் பரப்பி, மழைநீர் வடியும்படி நடுவில் சற்று உயர்த்திச் சாலை போடும் முறையை ஜான் மெக்காடம் பரப்பினார். இந்த மாற்றங்களின் பலனை ஒரே கணக்கில் சொல்லிவிடலாம். 1750களில் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கோச்சில் போகக் கோடையில் 10 நாள், குளிர்காலத்தில் 12 நாள் ஆயிற்று. 1830களில் சுமார் 45 மணி நேரம் போதும்.

நடுவில் தபால் புகுந்தது. பாத் நகரத்தில் நாடகக் கொட்டகை நடத்திய ஜான் பாமர், குதிரையேறிய பையன்களைவிட கோச்சே தபாலை வேகமாகக் கொண்டுபோகும் என்று வாதாடினார். தபால் அதிகாரிகள் ஒப்பவில்லை. 1784 ஆகஸ்ட் 2 அன்று மாலை 4 மணிக்கு பிரிஸ்டலில் கிளம்பிய அவரது வண்டி மறுநாள் காலை 8 மணிக்கு லண்டன் சேர்ந்ததும் அவர்கள் வாயடைத்துப் போனார்கள். தபால் கோச்சில் துப்பாக்கியோடு ஒரு காவலர் இருப்பார். அவர் கையில் ஒரு கடிகாரம். அந்நாளில் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்குமேல் வரும் சூரியனை வைத்தே நேரம் கணித்தது. பிரிஸ்டல் நேரம் லண்டனுக்குப் பத்து நிமிடம் பின்னால். அதனால் போகும் திசைக்கேற்ப விரைந்தோ பிந்தியோ ஓடும்படி கடிகாரத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள். கோச் என்ற சொல்லோடு நேர அட்டவணை ஒட்டிக்கொண்டது இந்தக் காலத்தில்தான்.

1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. புதிய வாகனத்துக்கு எப்படி உடல் அமைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கைக்கு எட்டியதை எடுத்தார்கள். மூன்று குதிரை வண்டிக் கூண்டுகளை வரிசையாக ஒரே சட்டத்தில் ஏற்றி வைத்ததுபோல முதல் வகுப்புப் பெட்டிகள் வந்தன. கூண்டின் வளைந்த அடிக்கோட்டைக்கூட வெளிப்பக்கம் வண்ணத்தில் தீட்டிவிட்டார்கள். குதிரை வண்டிக் கம்பெனிகளில் பயணியின் பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். ரயிலில் ‘புக்கிங்’ வந்த வழி அதுதான். காவலராகத் துப்பாக்கி ஏந்திய ‘கார்டு’ கொடியும் விசிலும் ஏந்தினார். 1840களின் நடுவில் லண்டனிலிருந்து கிளம்பும் தபால் கோச்சுகள் நின்றுபோயின. பொருள் செத்தது, பெயர் அடுத்த வாகனத்தில் ஏறி உட்கார்ந்தது.

ஏறக்குறைய அதே வேளையில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் வாயில் இந்தச் சொல் வேறு திசையில் ஓடியது. தேர்வு என்ற தூரத்தைச் சொந்தக் காலில் கடக்க முடியாதவனைச் சுமந்து மறுகரை சேர்க்கும் தனி ஆசிரியரை அவர்கள் ‘கோச்’ என்றார்கள். காளை வந்தான் என்னும்போது தமிழில் நிகழும் உவமையாகுபெயர் போன்றதே இது. முதலில் கேலிப் பேச்சாக இருந்தது, சீக்கிரமே கௌரவமான தொழிலாயிற்று. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வு எழுதுவோருக்குப் பல்கலைக்கழக விரிவுரையைவிடத் தனிப்பயிற்சியே உயிர்நாடி. அங்கே வில்லியம் ஹாப்கின்ஸிடம் படித்தவர்களின் பட்டியலில் இயற்பியலாளர்களான ஸ்டோக்ஸ், கெல்வின், மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த மேக்ஸ்வெல் எல்லோரும் இருக்கிறார்கள். 1854 தேர்வில் மேக்ஸ்வெல் இரண்டாம் இடம். முதலிடம் பெற்ற எட்வர்டு ரவுத் பிறகு தானே பயிற்சி தரத் தொடங்கி, இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட முதலிட மாணவர்களை உருவாக்கினார். எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சனும் அவரிடம் படித்தவர்தான். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் இயற்பியலின் கணிசமான பகுதி பயிற்சி ஆசிரியர்களின் அறைகளில் விளைந்தது என்றால் மிகையில்லை. 1860களில் இந்தப் பொருள் விளையாட்டுத் திடலுக்கும் போயிற்று. அங்கிருந்துதான் இன்றைய கால்பந்து, கிரிக்கெட் கோச்சுகள்.

அமெரிக்காவில் நடந்தது இன்னொரு வகைத் திருப்பம். 1860களில் ஜார்ஜ் புல்மேன் மெத்தையும் திரைச்சீலையுமாகப் படுக்கை வண்டிகளை ரயிலில் இணைக்கத் தொடங்கினார். மேலே ஒரு சொகுசு வந்ததும், வெறும் இருக்கை மட்டும் உள்ள சாதாரணப் பெட்டிக்குக் ‘கோச்’ என்ற பெயர் தங்கிவிட்டது. 1940களின் பிற்பகுதியில் விமானக் கம்பெனிகள் மலிவுக் கட்டணம் அறிவித்தபோது ரயிலிடமிருந்து அந்தச் சொல்லையே கடன் வாங்கின. ராணி ஏறியதால் ஊரெல்லாம் ஏங்கிய வண்டியின் பெயர், முழங்காலை நீட்ட இடமில்லாத இருக்கைக்கு வந்து சேர்ந்தது. வண்டியில் எந்தக் குறையும் நேரவில்லை. அதற்கு மேலே இன்னொரு படி முளைத்ததே காரணம். சொற்களின் மதிப்பு இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒரே ஊரில் கிளம்பிய சொல், ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு நிறுத்தத்தில் இறங்கியிருப்பது வியப்பான செய்தி. ஜெர்மனின் குட்ஷே குதிரையோடு நின்றுவிட்டது. ஸ்பெயினில் கோச்சே என்றால் கார். ஹங்கேரியில் கோச்சி என்றால் கார், ரயில் பெட்டி, குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி எல்லாமே. தமிழில் நாம் வண்டி என்பதைப் போல அங்கே அது பொதுச்சொல்லாகிவிட்டது. பிரிட்டனில் தொலைதூரப் பேருந்துக்கு இன்றும் கோச் என்றே பெயர். லண்டனின் விக்டோரியா கோச் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சொல் ஆங்கிலேயரோடு கோச்சு வண்டியாக வந்து, பிறகு ரயிலிலும் மைதானத்திலும் பரவியது. ‘எஸ் 5 கோச் எங்கே நிற்கும்?’ என்று நடைமேடையில் கேட்கிறோம், பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கோச்சிங் சென்டரில் சேர்க்கிறோம். சென்னை பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) தொழிற்சாலையின் பெயரிலேயே கோச் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகர நிறுவனத்தின் வடிவமைப்பில் அங்கே தயாரான பெட்டிகள் பழைய கோச்சுக்கு நேர் எதிரான தத்துவம் கொண்டவை. குதிரை வண்டியிலும் தொடக்ககால ரயிலிலும் சுமையைத் தாங்குவது அடிச்சட்டம், கூண்டு அதன்மேல் ஏற்றிவைத்த மேற்கட்டு. பெரம்பூர்ப் பெட்டியில் தளம், பக்கச்சுவர், கூரை எல்லாம் எஃகால் ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டு, சுமையையும் மோதலின் விசையையும் சேர்ந்தே தாங்கும்.

கோச் என்ற சொல்லின் அடிப்படையில் நெடுங்காலம் மாறாமல் இருந்த ஓர் எண்ணம் உண்டு. கோச் தானாக ஓடாது, முன்னால் குதிரையோ எஞ்சினோ இழுக்க வேண்டும். தண்டவாளத்தில் அந்த எண்ணத்தை மின்சார ரயில் மாற்றியது. 1931இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயிலில் பயணிகள் உட்காரும் பெட்டிக்கு அடியிலேயே மோட்டார் இருந்தது. ரயில்வேக்காரர்கள் அதை மோட்டார் கோச் என்பார்கள், மோட்டார் இல்லாததை டிரெய்லர் கோச் என்பார்கள். லண்டனில் மோட்டார் கோச் என்றால் சாலையில் ஓடும் பேருந்து, சென்னைப் பணிமனையில் அது தண்டவாளத்தில் ஓடும் பெட்டி. ஐ.சி.எஃப். வடிவமைத்து 2019 பிப்ரவரியில் டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கிய முதல் வந்தே பாரத் ரயிலில் தனி எஞ்சினே கிடையாது. அதன் 16 கோச்சுகளில் பாதி, தங்களையும் மற்றப் பாதியையும் தாமே இழுத்துச் செல்கின்றன.