மேல்மண் போன கழனியை மீட்பது எப்படி?



பூந்தமல்லிக்கு மேற்கே திருமழிசை, வெள்ளவேடு பக்கமோ, ஆவடி தாண்டித் திருநின்றவூர் பக்கமோ போகிறவர்கள் சில இடங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு கழனி வரப்பு மட்டத்துக்கு ஒழுங்காக இருக்கும். பக்கத்துக் கழனி ஒரு அடி, ஒன்றரை அடி பள்ளத்தில் கிடக்கும். அந்த மண் செங்கல் சூளைக்குப் போயிருக்கும், அல்லது யாரோ மனை மேடாக்க டிப்பர் லாரியில் ஏறியிருக்கும்.

ஆவடியில் 1961-ல் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2019-ல் ஆவடியே மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் வளர்ந்தால் வீடு வேணும், வீட்டுக்குச் செங்கல் வேணும், செங்கல்லுக்கு மண் வேணும். பெண் கல்யாணமோ, போர் போட்ட கடனோ நெருக்கும்போது மண்ணுக்குக் கையில் பணம் தருகிறேன்னு ஒருத்தர் வந்து நின்றால் வேண்டாம்னு சொல்றது கஷ்டம்தான். விற்றவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. மிச்சம் கிடக்கிற நிலத்தை என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

எவ்வளவு போச்சுன்னு முதலில் கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரு அடி ஆழம் வெட்டினால் 43,560 கன அடி. யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் சுமார் 435 யூனிட். அதிலும் மேலே இருக்கிற அரை அடியில்தான் மக்கு, மண்புழு, நுண்ணுயிர் எல்லாம் குடியிருக்கு. அதை வழித்து எடுத்துவிட்டால் அடியில் இருப்பது உயிர் குறைந்த மண். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், காய்ந்தால் பாறை மாதிரி இறுகும். நட்ட பயிர் மஞ்சள் தட்டிப்போய் நிற்கும்.

கூட ரெண்டு மூட்டை யூரியா போட்டால் சரியாயிடும்னு பலர் நினைக்கிறாங்க. ஆகாதுங்க. மக்கு இல்லாத மண்ணுக்குப் பிடித்துவைக்கிற சக்தி கிடையாது. போட்ட உரத்தில் பாதி தண்ணீரோடு போகும், காற்றோடு போகும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

ஏரி வண்டல் அடிக்கலாமே என்று கேட்பீர்கள். நல்லதுதான். 2017-ல் விவசாயிகள் இலவசமாக வண்டல் எடுக்க அரசு வழிசெய்தது. 2024-லிருந்து தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம். ஆனால் நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்பது அளவு. நம்ம கணக்கில் சுமார் 26 யூனிட். பரப்பிவிட்டால் முக்கால் அங்குலம் வரும். 435 போன இடத்தில் 26! வண்டலை ஒரு உறை மோர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பாலை நாம்தான் ஊற்றணும். அதாவது, புது மேல்மண்ணை அந்தக் கழனியிலேயே வளர்த்து எடுக்கணும்.

இதில் ஒரு எச்சரிக்கை. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கிற ஏரியில் வண்டல் எடுக்காதீங்க. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சரி, எப்படி வளர்ப்பது? முதல் வருஷம் நெல்லை மறந்துடுங்க. நவரை அறுவடை முடிகிற காலத்தில், கோடையில், உளிக்கலப்பை போட்டு அடி இறுக்கத்தை உடைக்கணும். பள்ளத்து மூலையில் ஒரு வடிகால் வெட்டிவிடணும். கோடை மழை கிடைத்ததும் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைக்கலாம். இந்த மாதிரிப் பள்ளக் கழனிக்கு நான் தக்கைப்பூண்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், உவர் இருந்தாலும் தாங்கும். வேர் முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். 45 நாளில், பூ எடுக்கிற பருவத்தில் மடக்கி உழுதுடணும். பூ முற்றி, தண்டு நாராகிவிட்டால் மக்குவதற்கு நாளாகும். நன்றாக வந்த பயிர் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் தழை தரும். அதில் கிடைக்கிற தழைச்சத்து 45 கிலோ யூரியா மூட்டையில் ஒன்றரை மூட்டைக்குச் சமம். அதைவிடப் பெரிய லாபம் மண்ணில் சேருகிற மக்கு.

மேட்டு நிலமாக இருந்தால் பல தானிய விதைப்பு நல்லது. மராட்டியத்தின் கோலாப்பூரைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் தபோல்கர் சொன்ன முறை இது. நம்ம தமிழ்நாட்டில் கிராமம் கிராமமாகப் பரப்பியவர் 2013-ல் மறைந்த நம்மாழ்வார். கம்பு, சோளம் போன்ற தானியம், உளுந்து, தட்டைப்பயறு போன்ற பயறு, எள், ஆமணக்கு போன்ற எண்ணெய் வித்து, கடுகு, வெந்தயம் போன்ற வாசனைச் சரக்கு, இவற்றோடு சணப்பு, தக்கைப்பூண்டு. வகைக்கு நாலாகக் கலந்து ஏக்கருக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் விதைத்து, 50 நாளில் மடக்கி உழுவது. ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு ஆழத்துக்குப் போகும்.

நடக்குமா என்று சந்தேகம் வேண்டாம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நாகப்பட்டினத்துக் கழனிகளில் கடல் நீர் நின்றது. இனிமேல் விளையாது என்று பலர் கைவிட்ட நிலம். அங்கே நம்மாழ்வாரும் இயற்கை விவசாயிகளும் சேர்ந்து, குறுக்கே பள்ளம் வெட்டித் தழைகளைப் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து உழுதார்கள். அந்த மண்ணில் மறுபடி நெல் விளைந்தது. நம்ம கழனிக்கு உப்புத் தொல்லை அந்த அளவுக்கு இல்லை.

அடுத்தது ஆட்டுக்கிடை. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று பெரியவங்க சொல்வாங்க. ரெண்டும் வேணும். பக்கத்தில் ஆடு வைத்திருப்பவரிடம் பேசி, இரவில் இடம் மாற்றி மாற்றிக் கிடை போடச் சொல்லுங்க. புழுக்கையைவிட மூத்திரத்தில் சத்து சீக்கிரம் கிடைக்கும், சீக்கிரம் ஆவியாகவும் போகும். அதனால் கிடை பெயர்ந்த காலையிலேயே மேலாக ஒரு உழவு ஓட்டிடணும். தாளடியைக் கொளுத்தாதீங்க, அது கழனிக்குச் சேரவேண்டிய சாப்பாடு.

இப்படி இரண்டு, மூன்று வருஷம் விடாமல் செய்யணும். இங்கேதான் சிக்கல். நம்ம பக்கம் பல பேர் வருஷக் குத்தகைக்கு உழுகிறவங்க. நாளைக்கே மனை போட விற்றுடுவார் என்று தெரிந்தால் யார் தக்கைப்பூண்டு விதைப்பாங்க? நிலத்துக்காரரோடு மூன்று வருஷத்துக்கு எழுத்து மூலம் பேசிக்கொள்வது நல்லது. முதல் வருஷக் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், நிலம் தேறுவது அவருக்கும் லாபம்தானே. 2024-25-ல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாளுர விதைக்கு ஏற்பாடு செய்தார்கள். இந்தப் பருவத்துக்கு விதை கிடைக்குமா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள்.

நிலம் தேறுகிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வருஷாவருஷம் கோடையில், அதே மாதத்தில், மண் பரிசோதனை செய்யுங்கள். கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேலே போனால் நல்ல நிலம். திருவள்ளூரை அடுத்த திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே யோசனை கேட்கலாம். மண் எடுக்கும்போது கழனியில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரை அடிக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்து, கலந்து, அதில் அரைக் கிலோ கொண்டுபோங்க. எருக்குப்பை கிடந்த இடம், வரப்போரம், மரநிழல், இங்கெல்லாம் எடுக்காதீங்க. வண்டல் கொட்டிய குவியல் பரப்பாமல் கிடந்தால், அந்த இடத்தையும் விட்டுடுங்க.