பழைய ஜாகுவார் பின்பக்கம் வாங்குமுன்

பிரிட்டனில் கோப்ரா நகல் காரைத் தன் கையால் கட்ட நினைப்பவர், பின்சக்கரங்களின் தனிச் சஸ்பென்ஷனுக்குப் பெரும்பாலும் பழைய ஜாகுவாரையே தேடிப் போகிறார். 1961இல் ஈ-டைப் காரோடு வந்த அமைப்பு அது. டிஃபரன்ஷியலை ஒட்டியே டிஸ்க் பிரேக். பக்கத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பர். மேல் விஷ்போனின் வேலையை டிரைவ் ஷாஃப்ட்டே பார்த்துக்கொள்ளும். கண்ணுக்கும் அழகு, பலமும் உண்டு.

சிக்கல் அந்த பிரேக்கில்தான். அதன் சூடு டிஃபரன்ஷியலுக்குள் இறங்கி ஆயில் சீலைக் கெடுக்கும். கசியும் எண்ணெய் டிஸ்க்கின் மேலேயே படும். ஏற்றிய பிறகு அதைச் சரிசெய்வது பெரும் வேலை. ஆகவே பொருள் எவ்வளவு நல்ல நிலையில் தெரிந்தாலும், சீல், பேரிங், காலிபர் மூன்றையும் பொருத்துமுன்பே புதுப்பித்துவிடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை.

கனமான ஜாகுவார் சலூனுக்காகச் செய்த ஸ்பிரிங், ஒரு டன் எடையுள்ள காரில் கல்லாக நிற்கும். பிரேக்கும் அப்படித்தான். முன்சக்கரம் பிடிக்குமுன் பின்சக்கரம் இறுகிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். சாலைக்கு வருமுன் கடக்க வேண்டிய ஐ.வி.ஏ. சோதனையிலும் தேறாது. எடை குறைந்த கார் என்றால் மாஸ்டா எம்.எக்ஸ்-5இன் இரட்டை விஷ்போன்தான் என் தேர்வு. ஃபோர்டு சியராவின் பின்பக்கத்தையும் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வு மாறும். வளைவில் சட்டென ஆக்சிலரேட்டரை விட்டால் வால் நழுவக்கூடும். எதுவானாலும் சேஸி தயாரித்தவரின் வரைபடம் எந்த மாடலைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள்.

வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பின், வாங்கி ஆறு மாதம் ஆகும்வரை, குறை விற்கும்போதே இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ஒருமுறை பழுது நீக்க அவருக்கு வாய்ப்புத் தரவேண்டும். பழைய பொருளின் வழக்கமான தேய்மானம் குறையாகாது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், கார்டு நிறுவனத்திடமும் பணம் கேட்கலாம்.

தனிநபரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு மிகச் சுருங்கிவிடுகிறது. பொருள் அவர் சொன்னபடி இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால்தான் எழுத்தில் வாங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். எந்தக் காரிலிருந்து கழற்றியது, எந்த ஆண்டு, "விகிதம் 3.07, லிமிடெட் ஸ்லிப் உண்டு" என்று ரசீதிலேயே இருக்கட்டும். சொன்னது பொய்யானால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்கு நடைமுறையில் அந்தக் காகிதமே உங்கள் சாட்சி. கட்டிய காரை வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வில் பதிவு செய்யும்போதும் ரசீதுகள் தேவைப்படும். வண்டியின் அடையாளமோ வயதோ உறுதியாகாவிட்டால் க்யூ எண்தான் கிடைக்கும்.

பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒரு சக்கர ஹப்பைக் கையால் சுற்றுங்கள். லிமிடெட் ஸ்லிப் வேலை செய்தால் மற்றதும் அதே திசையில் சுழலும். பிறகு இரண்டு ஹப்பும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று வரும்வரை டிஃபரன்ஷியலின் முன் ஃபிளாஞ்சைத் திருப்பி எண்ணுங்கள். மூன்று சுற்றும் கொஞ்சமும் வந்தால் 3.07, மூன்றரை வந்தால் அது 3.54, விற்பவர் சொன்ன பொருள் அல்ல.