திடலில் 4 டிகிரி குளிரா?

பள்ளித் திடலின் சராசரி வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் என்றால் நம்புவீர்களா? நம் நாட்டில் அந்தக் குளிர் வேண்டுமானால் குளிர்பதனப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். ஆனால், என் மாணவி ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நிரல் அப்படித்தான் விடை சொன்னது. அவர் திடலில் அளந்து பதிவு செய்தவை 28, 31, 34. சரியான சராசரி 31.

கணினி ஏன் தவறியது? பட்டியலை எந்த வழியில் சுற்றிவரச் சொன்னோம் என்பதில்தான் கோளாறு.

ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய மொழி. அதில் மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியலுக்கு ‘அர்ரே’ என்று பெயர். அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்க உதவுவது ‘லூப்’. லூப்பில் பல வகை உண்டு.

முதலாவது, பழைய ‘ஃபார்’. இதில் எண்ணிக்கையை நாமே நடத்த வேண்டும். அர்ரேயில் முதல் இடத்தின் எண் 0. எனவே மூன்று மதிப்புகள் இருந்தால் கடைசி இடம் 2. தவறிப்போய் 3 வரை சென்றால் அங்கே மதிப்பே இல்லை; கூட்டுத்தொகை ‘எண் அல்ல’ என்றாகிவிடும். பின்னிருந்து முன்னே வரவும், ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கவும் இந்த லூப் வசதியானது.

இரண்டாவது, ‘ஃபார் இன்’. என் மாணவி பயன்படுத்தியது இதைத்தான். இது மதிப்பைத் தராது. இட எண்ணைத் தரும், அதையும் எழுத்தாகவே தரும். எண்ணோடு எழுத்தைக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டிவிடும். தொடக்கத்தில் இருந்த 0உடன் 0, 1, 2 ஒட்டிக்கொண்டு ‘0012’ ஆனது. வகுக்கும்போது அதையே 12 என்று எடுத்துக்கொண்டு, 3ஆல் வகுத்து 4 என்றது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை!

மூன்றாவது, 2015இல் வந்த ‘ஃபார் ஆஃப்’. இது மதிப்பையே நேராகக் கையில் கொடுக்கும். வேண்டிய இடத்தில் நிறுத்தவும் முடியும். மாணவியின் நிரலில் ‘இன்’ என்பதை ‘ஆஃப்’ என்று மாற்றியதும் 31 வந்தது.

2009ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தவை ‘ஃபார்ஈச்’, ‘மேப்’. ஃபார்ஈச் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு செயலைச் செய்யும். ஆனால், நடுவில் ‘பிரேக்’ போட்டு நிறுத்த இயலாது. மேப், ஒவ்வொரு மதிப்பையும் மாற்றிப் புதிய அர்ரேயாகத் தரும். செல்சியஸ் அளவுகளை ஃபாரன்ஹீட்டாக மாற்ற இதுவே பொருத்தம்.

இவற்றில் எது வேகமானது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பள்ளி அளவிலான சிறு பட்டியல்களில் அந்த வேறுபாட்டை நீங்கள் உணரவே மாட்டீர்கள். படித்தவுடன் புரிகிற லூப்பையே தேர்ந்தெடுங்கள். அர்ரேயைக் கூட்டும்போது ‘ஃபார் இன்’ வேண்டாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். முதலில் மூன்றே எண்களைக் கொடுத்து, விடையைக் கையாலும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். என் மாணவி பிழையைக் கண்டுபிடித்தது கணினியால் அல்ல. வெயிலில் நின்று அளந்தவருக்கு 4 டிகிரி பொய் என்று தெரிந்திருந்தது.